வெயில் காலத்தில் கரையில் நின்று பாஸ் பிடிப்பது: மீன் எங்கே போகிறது?

நெடுங்கரை:

வணக்கம். எனக்குப் படகு கிடையாது. கரையில் நடந்தேதான் மீன் பிடிக்கிறேன். தண்ணீர் இதமாக இருந்த மாதங்களில் ஒரு காலைப்பொழுதுக்கு லார்ஜ்மௌத் பாஸ் என்ற பெரிய வாய் நன்னீர் மீன் நாலைந்து கிடைத்தன. இப்போது மதியத்தில் மேல்நீர் 31, 32 டிகிரி காட்டுகிறது. மூன்று வாரம் ஆகிவிட்டது, ஒரு கடிகூட இல்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன ஏரி, அதிலிருந்து கிளம்பும் ஒரு கால்வாய். அகலம் பதினைந்து மீட்டர் இருக்கும், கோடு போட்டதுபோல நேராகப் போகும். இரண்டு கரையும் செங்குத்து. ஓரமெல்லாம் வேலம்பாசி, அங்கங்கே ஆகாயத்தாமரை. வழியில் ஒரு பாலம், ஒரு மழைநீர்க் குழாய், கோடியில் ஒரு மதகு. காலை எட்டு மணிக்குப் போய்ப் பதினொன்று வரை கிராங்க்பைட் என்ற மீன்வடிவச் செயற்கை இரையை முடிந்த மட்டும் தூரமாக, நடுத்தண்ணீரில் எறிந்து இழுக்கிறேன். வெயிலில் மீன் ஆழத்துக்குப் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் கரையில் நிற்பவனுக்கு வழியே இல்லையா?

வாய்க்கால்வாசி:

வழி இருக்கு தம்பி. முதல்ல தூரமா எறியறதை நிறுத்துங்க.

படகுல வர்றவங்க எங்கே எறியறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? கரையைப் பார்த்து எறியறாங்க. நீங்க கரையில நின்னுக்கிட்டு நடுத்தண்ணியைப் பார்த்து எறியறீங்க. மீன் பாதி நேரம் உங்க காலடியில இருக்கு.

வெட்டின கால்வாய் ஒரு பெட்டி மாதிரி. அடி தட்டையா, ஒரே ஆழமா கிடக்கும். நடுவுல ஒளிய இடம் இல்லை. பாஸ் ரொம்ப தூரம் துரத்தித் தின்கிற மீன் இல்லை, பதுங்கி இருந்து பாயற மீன். அதுக்கு ஒரு முதுகுச்சுவர் வேணும், ஒரு நிழல் வேணும். அந்தக் கால்வாயில அது ரெண்டும் சேர்ந்து கிடைக்கிறது ஓரத்துலதான். செங்குத்துக் கரையில தண்ணி உள்பக்கமா அரிச்சிருக்கும், அந்தப் பொந்துக்குள்ள வால் நுழைஞ்சிருக்க, தலை வெளியே பார்த்தபடி நிக்கும். நிழல்ல நிக்கிற மீனுக்கு வெளிச்சத்துல போறதெல்லாம் தெளிவாத் தெரியும். வெளிச்சத்துல வர்ற சின்ன மீனுக்கு நிழல்ல இருக்கறது தெரியாது. அதனாலதான் வெயில் ஏற ஏற நிழல்கோட்டை ஒட்டி நிக்குது.

நான் செய்யறதைச் சொல்றேன். தண்ணிக்கு மூணு மீட்டர் தள்ளியே நிற்பேன். அங்கிருந்து முதல் எறிதல், என் கரைக்கு இணையா, ஓரத்துலருந்து ஒரு முழம் விட்டு. அதுக்கப்புறம்தான் கிட்டப் போவேன். மண்கரையில நம்ம காலடி அதிர்ச்சி அப்படியே தண்ணிக்குள்ள இறங்கும், பாஸ் அதை உடம்போட பக்கத்துல ஓடற உணர்வுக் கோட்டுல உணர்ந்துடும். பொத்து பொத்துன்னு நடந்து வந்து விளிம்புல நின்னு எறிஞ்சா, அந்த இடத்துல இருந்த மீன் நீங்க எறியறதுக்கு முன்னாடியே கிளம்பியாச்சு. சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருந்தா உங்க நிழல் தண்ணியில விழும், அதையும் பாருங்க.

நாணல்:

வாய்க்கால்வாசி அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். “வெயிலில் ஆழத்துக்குப் போகும்” என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழமான ஏரிகளில் கோடையில் மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றுவிடும். கீழடுக்குக்குக் காற்று படாது, வெளிச்சமும் போகாது. அழுகும் பொருள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். குளிர்ச்சி இருக்கும், மூச்சு இருக்காது. ஆகவே வளமான, கலங்கிய ஏரிகளில் ஒரு மட்டத்துக்குக் கீழே மீன் போகவே முடியாது.

இன்னொரு பக்கம், ஆழமே இல்லாத ஏரிகளும் உண்டு. ஃப்ளோரிடாவின் ஓக்கிசோபி ஏரி கிட்டத்தட்ட 1,900 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் மூன்று மீட்டருக்கும் குறைவு. பாஸுக்குப் பெயர்போன ஏரி அது. அங்கே வெயிலுக்கு ஓடி ஒளிய ஆழமே கிடையாது. நாணலும் பாசியும் தரும் நிழல்தான் எல்லாம்.

உங்கள் கால்வாயில் தேட வேண்டியது ஆக்சிஜன். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். தாங்கும் அளவு குறைகிறது, அதே சூட்டில் மீனின் தேவை கூடுகிறது. ஐந்துக்குக் கீழே போனால் பாஸ் சோர்ந்துவிடும். வெயிலில் அதற்குப் பசி குறைவதில்லை, உடம்பு வேகமாக எரிப்பதால் அதிகமாகவே தின்ன வேண்டியிருக்கிறது. தின்னும் நேரம்தான் குறுகிவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்தில், மூச்சு விடத்தக்க இடத்தில் நம் இரை இருக்க வேண்டும். மதகு, மழைநீர்க் குழாயின் வாய், காற்று வந்து மோதும் கரை, இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை.

தக்கை22:

நான் புதுசு. அப்போ விடியற்காலையில போனா சரியா? அப்பத்தானே தண்ணி குளுமையா இருக்கும்?

மூன்றாம்மதகு:

விடியல்தான் தம்பி. கண்ணை மூடிக்கொண்டு விடியலில் போங்கள். சூரியன் வருவதற்கு முன் அரை மணி, வந்தபின் ஒரு மணி. இருபது வருஷமாக எனக்குக் கோடையில் பெரிய மீன் வந்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

நாணல்:

மூன்றாம்மதகு சார், உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஓடும் இடத்துக்கும் தேங்கிய இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது.

பாசி பகலில் ஆக்சிஜன் விடும். இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனை எடுக்கும். பாசி அடர்ந்து தேங்கிய கால்வாயில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரத்தில்தான். கோடையில் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மேகமூட்டம் இருந்து காற்றும் இல்லையென்றால், விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சில சமயம் கூட்டமாகச் செத்தும் மிதக்கும். விஷம் கலந்துவிட்டார்கள் என்று சிலர் நினைப்பார்கள், பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படிப்பட்ட நீரில் விடியலில் பாஸ் தின்னும் நிலையில் இருக்காது. வெயில் பட்டு இரண்டு மணி நேரம் கழித்து, பாசி வேலை செய்யத் தொடங்கியபின் வாய் திறக்கும். மாலை ஐந்துக்கு மேல் தண்ணீர் சூடாக இருந்தாலும் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும்.

நெடுங்கரையின் கால்வாயில் இரண்டும் இருக்கிறது. மதகுப் பக்கம் விடியலில், பாசிப் பக்கம் மாலையில் என்று பிரித்துப் பாருங்கள்.

மூன்றாம்மதகு:

நான் நடந்ததெல்லாம் தெற்கு ஃப்ளோரிடாவில், மதகுக்குக் கீழே தண்ணீர் அசையும் இடங்கள். அக்கா சொல்வது அதற்கும் பொருந்திப் போகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

அங்கே பார்த்த ஒன்றை எழுதுகிறேன், உதவலாம். எவர்கிளேட்ஸ் சதுப்பில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. சதுப்பு வற்ற வற்ற அதிலிருந்த மீனெல்லாம் ஓரத்துக் கால்வாய்களில் வந்து இறங்கும். டாமியாமி டிரெயில், அலிகேட்டர் ஆலி ஆகிய சாலைகளை ஒட்டிய கால்வாய்களில் மார்ச், ஏப்ரலில் கரையில் நின்றே ஒரு நாளில் ஐம்பது மீன் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜூனில் மழை பிடித்துச் சதுப்பு நிறைந்ததும் அதே கால்வாய் வெறிச்சென்று ஆகிவிடும். மீன் புல்லுக்குள் பரவிப் போயிருக்கும். ஆகவே உங்கள் ஏரியின் நீர்மட்டம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால், வெள்ளம் நுழைந்த புல்விளிம்பில் மீன் இருக்கலாம்.

மழைக்குப் பிறகு குழாய் வாயில் தண்ணீர் கொட்டும்போது போவது நல்லது. ஆனால் நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழை வேறு விஷயம். சதுப்பிலிருந்து தேயிலைச் சாயம்போல வரும் அந்தக் கறுத்த நீரில் ஆக்சிஜன் இருக்காது. இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

மியாமிப் பக்கக் கால்வாய்களில் மயில்பாஸும் உண்டு. பெருகிவிட்ட திலாப்பியா வகைகளைக் கட்டுப்படுத்த 1984-இல் அரசே தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டது. அது குளிர் தாங்காது, வெயிலை விரும்பும். நடுப்பகலில் லார்ஜ்மௌத் நிழலுக்குள் போனபின் வெட்டவெளியில் கடிப்பது மயில்பாஸ்.

தக்கை22:

ரிக், அதாவது முள்ளும் இரையும் சேர்த்துக் கோக்கற கட்டு, எப்படிக் கட்டுறதுன்னு யாராவது சொல்லுங்களேன். பாசியில மாட்டி மாட்டி அறுந்து போகுது.

வாய்க்கால்வாசி:

ரெண்டே ரெண்டு போதும் தம்பி. முழுப் பெட்டியும் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டாம்.

முதல்ல டெக்சாஸ் ரிக். ரப்பர்ப் புழு 7 அங்குலம், முள் 3/0 ஆஃப்செட், அதாவது கழுத்துல ஒரு வளைவு இருக்கறது. தோட்டா வடிவ ஈயத்தைத் தூண்டில் நரம்புல முதல்ல கோத்துட்டு அப்புறம் முள்ளைக் கட்டணும், ஈயத்தோட கூர்ப்பக்கம் மேலே. முள்முனையைப் புழுவோட தலையில நேரா அரை சென்டிமீட்டர் இறக்குங்க. பக்கவாட்டுல வெளியே எடுங்க. முள்ளை முழுக்க இழுத்து, கழுத்து வளைவு தலைக்குள்ள போய் உட்காரும் வரைக்கும் கொண்டு போங்க. இப்ப முள்ளை அரைச்சுத்துத் திருப்புங்க. புழுவைத் தொங்க விட்டு, முள்ளோட அடி வளைவு எந்த இடத்துல படுதுன்னு நகத்தால ஒரு அடையாளம் வைங்க. அந்த இடத்துல புழுவைக் கொஞ்சம் குறுக்கி, முள்ளைக் குத்தி மறுபக்கம் எடுங்க. முனையை முதுகுத் தோல்ல ஒரு நூல் அளவு மட்டும் மறைச்சு விடுங்க. புழு வளையாம நேரா தொங்கணும். வளைஞ்சிருந்தா தண்ணியில சுத்தும், நரம்பு முறுக்கிக்கும். அப்ப பிரிச்சு மறுபடி குத்துங்க, சோம்பல் படாதீங்க.

ரெண்டாவது, ஈயமே இல்லாத வாக்கி ரிக். சென்கோ மாதிரி 5 அங்குலக் குச்சிப் புழுவோட நடுவுல ஒரு முள், அவ்வளவுதான். நிழல்கோட்டுல போட்டுட்டுச் சும்மா விட்டுடுங்க. ரெண்டு முனையும் நடுங்கிக்கிட்டே இறங்கும். கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கறதுதான் இதுல கஷ்டம். கடி எப்பவும் இறங்கும்போதுதான் வரும், அதனால கண்ணு நரம்பு மேல இருக்கணும். ஒரு டிக், இல்லன்னா நரம்பு பக்கவாட்டுல நகரும். உடனே தூண்டில் கம்பைச் சுண்டுங்க. தாமதிச்சா விழுங்கிடும்.

நரம்பு: திறந்த தண்ணிக்கு 12 பவுண்டு தங்கூஸ் போதும். பாசி அடர்த்தின்னா 50 பவுண்டு பிரெய்டுக்கு (பின்னின நரம்பு) கீழே போகாதீங்க. பாசிக்கூரை மேல ஃப்ராக், அதாவது தவளை மாதிரி ரப்பர் இரை, இழுக்கறவங்களுக்கு 65.

நாணல்:

ஃப்ராக் பற்றி ஒரு வரி. தண்ணீர் வெடித்ததும் சுண்டிவிடாதீர்கள். பாதி நேரம் மீன் இன்னும் வாயில் வாங்கியிருக்காது. தூண்டில் கம்பில் கனம் தெரியும்வரை பொறுத்துப் பிறகு முழுப் பலத்தோடு சுண்டுங்கள்.

நெடுங்கரை:

நண்பர்களே, போய் வந்தேன்.

சனிக்கிழமை விடியலில் மதகுப் பக்கம். கதவு சற்றே திறந்திருந்தது, ஒரு ஓரத்தில் மட்டும் நுரை கட்டிய ஓட்டம். ஓட்டமும் தேங்கிய நீரும் தொட்டுக்கொள்ளும் கோட்டில் டெக்சாஸ் ரிக்கை விட்டேன். மூன்றாவது எறிதலில் முதல் மீன், பதினோரு அங்குலம். அடுத்த அரை மணியில் இன்னும் இரண்டு. மூன்று வாரத்துக்குப் பிறகு கையில் அந்தச் சொரசொரப்பான கீழ்த்தாடையைப் பிடித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

வெயில் ஏறியதும் குழாய்ப் பக்கம் வந்தேன். வாய்க்கால்வாசி அண்ணா சொன்னபடி தள்ளி நின்று, முட்டி போட்டு, குழாயின் நிழலுக்குள் வாக்கி ரிக்கை விட்டேன். புழு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு முழம் இறங்கியிருக்கும், கறுப்பாக இருந்த சுவர் நகர்ந்தது. சுவர் என்று நினைத்தது மீன். அவசரமே இல்லாமல் வந்து, புழுவுக்கு ஒரு கை அகலம் முன்னால் நின்று, செவுளை ஒரு தடவை விரித்தது. புழு காணோம்.

இருபது அங்குலத்துக்கு மேல். கரை உயரமாக இருந்ததால் ஏற்றவே நேரம் ஆனது. முள் தொண்டையில். எடுக்க முயன்று, அளந்து, இரண்டு மூன்று படம் எடுத்து, மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். விட்டபோது பக்கவாட்டில் சாய்ந்தது. கையில் பிடித்து நிறுத்திப் பார்த்தேன், பத்து நிமிஷம். பிறகு மெல்ல உள்ளே போனது. பிழைத்ததா தெரியாது. அன்றிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. நான் என்ன மாற்ற வேண்டும்?

நாணல்:

இதைக் கேட்டதற்கு நன்றி. கோடையில் பிடித்து விடுகிற எல்லோரும் இதைக் கேட்க வேண்டும்.

30 டிகிரி நீரில் போராடிய மீன் ஏற்கெனவே மூச்சுத் திணறலில் இருக்கிறது. ஆகவே போராட்டத்தைச் சுருக்குங்கள், மெல்லிய நரம்பில் விளையாட்டுக் காட்டாதீர்கள். நீளக் கைப்பிடி வலை ஒன்று வாங்குங்கள். உயரக் கரைக்கு அது இல்லாமல் முடியாது, நரம்பைப் பிடித்துத் தூக்கினால் தாடை கிழியும். மீனைத் தண்ணீரை விட்டு எடுக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது மீன் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாதீர்கள், மற்றொரு கை வயிற்றுக்கடியில். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த மண்ணிலும் புல்லிலும் போட்டால் மேல் வழவழப்பு போய்விடும். தொண்டை முள் ஒரு முயற்சியில் வரவில்லையென்றால் நரம்பை முள்ளருகே வெட்டி விடுங்கள்.

இருபது அங்குல மீன் அநேகமாகப் பெண். மிகப் பெரிய பாஸ் எல்லாம் பெண்தான். ஃப்ளோரிடாவில் 2016 ஜூலை முதல் ஒருவர் ஒரு நாளில் ஐந்து பாஸ் வைத்துக்கொள்ளலாம், அதில் ஒன்றுதான் 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம் என்று விதித்தது இந்தப் பெரிய மீன்களைக் காக்கத்தான். கூட்டைக் காப்பது ஆண். தண்ணீர் 16 முதல் 24 டிகிரிக்குள் இருக்கும்போது ஓரமணலில் வட்டமாகத் துடைத்து வைத்த கூட்டில் நிற்கும். வெப்பப் பகுதிகளில் அது நடுக்குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். அந்த ஆணைப் பிடித்து அகற்றினால் சில நிமிஷங்களில் புளூகில் என்ற சின்ன மீன்களின் கூட்டம் முட்டையைத் தின்றுவிடும். எனவே கூட்டில் நிற்கும் மீனை நான் தொடுவதில்லை.

சமைப்பதற்கு எடுப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். பாஸ் உச்சியில் இருக்கும் வேட்டை மீன், பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். எவர்கிளேட்ஸ் பாஸைப் பற்றி 1989-இலேயே எச்சரிக்கை விட்டார்கள். எந்த நீராக இருந்தாலும் அங்குள்ள அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாம்மதகு:

முதலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு: அந்தி, விடியல் இரண்டும் அதற்கும் வேட்டை நேரம். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் விடாதீர்கள். மீன் துடிக்கும் சத்தத்துக்கு அலிகேட்டர் வரும். வந்தால் நரம்பை அறுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மீனைக் கழுவ விளிம்பில் குந்தி உட்கார வேண்டாம்.

தக்கை22:

இந்த மீனை உயிரோட கொண்டு போய் எங்க தோட்டத்துக் குளத்துல விடலாமா? வெயில் தாங்குதே.

வாய்க்கால்வாசி:

வேண்டாம் தம்பி, தயவுசெஞ்சு வேண்டாம். இது வட அமெரிக்க மீன். வெளியே கொண்டு போன பல நாடுகள்ல உள்ளூர்ச் சின்ன மீனையெல்லாம் தின்னு தீர்த்திருக்கு. உலகத்துல மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறுன்னு ஐ.யு.சி.என்-ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு போட்ட பட்டியல்ல இதுவும் இருக்கு.

ஜப்பான்ல பீவா ஏரியில 2009 ஜூலை 2-ஆம் தேதி மனாபு குரிட்டா பிடிச்ச பாஸ் 10 கிலோவுக்கு மேல. 1932-இல் அமெரிக்காவோட ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரி பிடிச்ச உலக சாதனையோட அது சமமா நிக்குது. ஆனா அதே பீவா ஏரியில பிடிச்ச பாஸை மறுபடி தண்ணியில விடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அந்த ஏரிக்கே உரிய மீன்களைக் காப்பாத்தறதுக்கு. எனக்கு உயிருக்கு உயிரான மீன் இது, ஆனா அது இருக்கற இடத்துல மட்டும்தான் இருக்கணும். குளம் மாத்தறதை மட்டும் செய்யாதீங்க.

தக்கை22:

புரிஞ்சுது அண்ணா. விட மாட்டேன்.

நெடுங்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வலை வாங்கிவிட்டேன். ஒரு தண்ணீர் வெப்பமானியும்.

நாணல் அக்கா சொன்னதைச் சரிபார்க்கப் பாசிப் பகுதியில் மூன்று விடியல், மூன்று மாலை நின்றேன். விடியலில் மூன்று நாளும் சேர்த்து ஒரே ஒரு கடி, அதுவும் தவறிவிட்டது. மாலையில் தண்ணீர் நான்கு டிகிரி அதிகம், ஆனாலும் ஐந்து மீன். ஐந்தும் என் பக்கத்துக் கரையில், ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள். மதகில் மட்டும் விடியல்தான், மூன்றாம்மதகு சார் சொன்னது அங்கே மாறவே இல்லை.

இப்போது முள்முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறேன். வாக்கி ரிக்கில் நரம்பு அசைந்த அந்தக் கணமே சுண்டுகிறேன். இதுவரை எல்லாம் உதட்டில்தான் மாட்டியிருக்கின்றன.

நேற்று மாலை குழாய் நிழலில் மறுபடியும் ஒரு பெரிய மீன். தொண்டையில் பழைய நரம்போ முள்ளோ தெரியவில்லை, ஆகவே அதே மீன் என்று சொல்ல முடியாது. வலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளை எடுத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. வலையைச் சாய்த்ததும் வாலை ஒரு தடவை அடித்தது, முகமெல்லாம் தண்ணீர். சேறு அடங்கிப் பார்த்தபோது குழாய்ச் சுவர் மட்டும்தான் இருந்தது.

வாய்க்கால்வாசி:

நல்லா இருங்க தம்பி. மழை வர்ற மாதிரி இருக்கு. குழாய்ல தண்ணி கொட்ட ஆரம்பிச்சதும் போங்க, எறியறது குழாய் வாய்க்குள்ள இல்லை, ஓட்டம் தேயற இடத்துல.